கிணற்றுப் படிகளை எண்ணிவந்த அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். கத்திரி தொடங்கி நான்கு நாட்கள் ஆகின்றன. அம்மா இந்த ஆண்டும் கூழ் வடகம் போடுவதற்காக அரிசியை ஊறவைத்துவிட்டு, உப்பின் அளவை உங்கள் இணையதளத்துப் பக்கத்தில் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். காயும்போது நீர் வற்றி உப்பு தூக்கலாகிவிடும் என்பதால் கூழை வாயில் வைத்துப் பார்க்கையில் சற்றுக் குறைவாகத் தோன்றும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே விட வேண்டும் என்றும், காக்கைகளுக்குக் காவலாகக் கறுப்புக் குடை ஒன்றை விரித்துவைத்தால் போதும் என்றும் நீங்கள் எழுதியிருந்த அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் சித்திரைதோறும் திறப்போம். இம்முறை அது திறக்கவில்லை. ஆண்டுதோறும் பணம் கட்டி வைத்திருக்கும் தளத்தின் பெயர் காலாவதியாகிப் பன்னிரண்டு நாட்கள் ஆகிவிட்டன என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. பதறிப்போய் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "போதும்டே தம்பி, யாரு படிக்கா? வருசா வருசம் பணத்தைக் கட்டி என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, பேச்சைப் பதநீருக்கு மாற்றிவிட்டீர்கள்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு இரவுகள் யோசித்த பிறகு எழுதுகிறேன். தனி மடலாக அனுப்பாமல் என் தளத்தில் எல்லாரும் காணும்படி எழுதுவதற்குக் காரணம், உங்களைப் படித்துவந்த மற்றவர்களும் இதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவர்களும் உங்களுக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்பதுதான்.

உங்கள் தளத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பது கிணற்றுப் பக்கத்தை. ஒவ்வோர் ஆண்டும் சித்திரை முதல் நாள் காலையில் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய், நீருக்கு மேலே எத்தனை கற்படிகள் தெரிகின்றன என்று எண்ணி, ஆண்டுக்கு ஒரு வரியாக அந்தப் பக்கத்தில் சேர்த்துவந்தீர்கள். 2016 ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதிகூடப் பெய்யாமல் பொய்த்தது. அடுத்து வந்த சித்திரையில் முப்பத்தொரு படிகள் தெரிவதாகவும், அதற்குக் கீழே படியே இல்லை என்றும் எழுதினீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்தன. அந்த வெள்ளத்துக்குப் பின் வந்த சித்திரையில் ஒன்பது படிகள்தான் தெரிந்தன என்றும், குனிந்தால் முகம் தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மழையின் அளவைப் பாளையங்கோட்டை வானிலை நிலையம் குறித்துவைத்திருக்கிறது. எந்த மாதத்திலும் அதை யாரும் கேட்டுப் பெறலாம். ஆனால் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றின் தண்ணீர் எந்தக் கோடையில் முதன்முதலாக உவர்த்தது என்பது உங்கள் பக்கத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. அது அழிந்தால் மறுபடி எழுத முடியாது, அண்ணாச்சி. உங்களாலும் நினைவிலிருந்து எழுத முடியாது.

பனையைப் பற்றிய பக்கங்களும் அப்படித்தான். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லும். அந்தச் சுண்ணாம்பு கூடிவிட்டால் முதல் மடக்கிலேயே நாக்கு எப்படிச் சொல்லிவிடும் என்பதையும், ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் நுங்கைப் போட்டு அதன்மேல் பதநீரை ஊற்றிக் குடிக்கும்போது முதலில் வருவது ஓலையின் மணம்தான் என்பதையும், வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய அவசரத்தில் விற்கிறவர் வாங்குகிறவரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்பதையும் நீங்கள்தான் எழுதினீர்கள். ஆனி ஆடிக் காற்றில் தேரி என்னும் மணல்மேட்டின் செம்மணல் பறந்துவந்து, வாசல் கதவை அடைத்த பிறகும் சோற்றில் நறநறக்கும் என்று எழுதிய பத்தியைச் சென்னையில் பிறந்த என் மகள் வாசித்துவிட்டு, தேரியைப் பார்க்க வேண்டும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். யார் படிக்கிறார்கள் என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் மட்டும் மூன்று தலைமுறை படிக்கிறது.

வாட்ஸப் குழுவில் போட்டால் உடனே நூறு பேர் பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் போன பங்குனியில் நீங்கள் அங்கே எழுதிய வேப்பம்பூக் குறிப்பைத் தேடி நேற்று ஒரு மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். காலை வணக்கப் படங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவில் எங்கேயோ அது புதைந்து கிடக்கிறது. புதிதாகக் குழுவில் சேருகிறவர் கண்ணில் அது படவே படாது. இணையப் பக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு; பத்து ஆண்டுகள் கழித்தும், உங்களை அறியாத ஒருவர், நள்ளிரவில், யாரிடமும் கேட்காமல் அங்கே வந்து சேரலாம்.

2008 மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விடுமுறைக்கு வந்த நான் உங்கள் வீட்டிலேயே பத்து நாட்கள் தங்கி, 2003 முதல் நீங்கள் திஸ்கி எழுத்துருவில் தட்டிவைத்திருந்த கட்டுரைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றினோம். ஆங்கில எழுத்துக்களின் குறியேட்டில் மேற்பாதி இடங்களைத் தமிழுக்கு எடுத்துக்கொண்ட முறை திஸ்கி. அதற்குரிய எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவாதவர் திரையில் நம் தமிழ் கொக்கியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துக்களாகவே தெரிந்தது. மின்வெட்டு மிகுந்த கோடை அது. மின்சாரம் வந்ததும் ஓடிப்போய் மாற்றுவோம். போனதும் மொட்டை மாடியில் பாயை விரித்து, அச்செடுத்த தாள்களில் டார்ச் வெளிச்சத்தில் பிழை திருத்துவோம். சின்னம்மை பானைத் தண்ணீரும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பத்து நாட்களின் உழைப்பால்தான் தளம் திறந்திருந்தவரை உங்கள் பழைய பக்கங்களைத் தேடுபொறியாலும் கைப்பேசியாலும் படிக்க முடிந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியதை ஓராண்டுக் கட்டணத்துக்காகப் போகவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

கட்டணம் ஏன் உங்களுக்குச் சுமையானது என்பதையும் பார்த்தேன். தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு தொகையை உயர்த்தியிருக்கிறது. அதைவிட, தரவுத்தளத்தை நம்பி இயங்கும் மென்பொருளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்ததுதான் உங்களைச் சலிப்படையச் செய்திருக்கிறது. இரண்டுமே இனி வேண்டாம். சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் உங்கள் தளம் முழுவதையும் நான் நகலெடுத்து வைத்திருக்கிறேன். 212 பக்கங்கள், படங்கள் தனி. யூனிகோடை இணையத்தில் வழக்கமாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் புள்ளியும் கொம்பும் உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் கொள்கிறது; அப்படியும் உங்கள் இருபதாண்டு எழுத்து நான்கு மெகாபைட்டுக்குள், கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தின் அளவுக்குள், அடங்கிவிடுகிறது. அவற்றை உலாவி நேரே திறக்கும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக மாற்றி வைத்துவிட்டால் புதுப்பிக்க எதுவும் இராது. அவற்றுக்கு இலவசமாகவே இடம் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயினில் பார்சலோனா நகரத்து வீடு ஒன்றின் பால்கனியில் வைத்த சூரியத் தகட்டைக் கொண்டு லோ-டெக் மேகசின் என்ற இதழ் 2018 முதல் தன் தளத்தை நடத்திவருகிறது. வானம் தொடர்ந்து மூடிக்கிடந்தால் தளமும் சற்று நேரம் மூடிக்கொள்ளும் என்பதை வாசகர்களுக்கு முன்னமே அறிவித்துவிட்டு, பக்கங்களின் எடையை இயன்றவரை குறைத்து, மிகச் சிறிய கணினி ஒன்றில் அதை ஓட்டுகிறார்கள். வடகம் காயும் உங்கள் மொட்டை மாடியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? அதை ஒரு நாள் செய்து பார்க்க எனக்கு ஆசை உண்டு. இப்போதைக்கு அவசரம் வேறு.

அவசரம் தளத்தின் பெயரைப் பற்றியது. டாட் காம் பெயர் காலாவதியான பிறகு, பதிவு நிறுவனத்தைப் பொறுத்துக் கூடிப்போனால் 45 நாட்கள் வரை அதை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு 30 நாட்கள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். அதுவும் கடந்தால் ஐந்து நாட்களில் பெயர் பொதுவில் விழுந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில் நாளை ஏதோ ஒரு சூதாட்டத் தளம் நடக்கும். உங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் எங்கள் தளங்களிலிருந்தெல்லாம் வாசகர்கள் அங்கே போய் விழுவார்கள். இலவசமாக இடம் தருகிறவர் என்றைக்காவது மூடிவிடக்கூடும். 2009 அக்டோபரில் யாஹூ தன் இலவசத் தள இடமான ஜியோசிட்டீஸை மூடியபோது உலகெங்கும் எத்தனையோ பேரின் வீட்டுப் பக்கங்கள் ஒரே நாளில் முகவரி இழந்தன. கோப்புகளும் பெயரும் நம் கையில் இருந்தால் ஓரிடம் மூடினாலும் வேறிடத்தில் அதே முகவரியில் திறந்துவிடலாம். ஆகவே ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும் அந்தப் பெயர்க் கட்டணம் ஒன்றை மட்டும் கட்டினால் போதும். அதை நான் கட்டிவிடுவேன். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல்லும் உங்களிடம்தான் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை திருச்செந்தூர் ரயிலில் ஏறுகிறேன். ஞாயிறு முற்பகலுக்குள் உங்கள் வீட்டில் இருப்பேன், மகளும் வருகிறாள். கடவுச்சொல்லை எழுதிவைத்த பழைய நாட்குறிப்பை மட்டும் தேடி எடுத்துவையுங்கள். இந்த ஆண்டுச் சித்திரை முதல் நாளில் நீங்கள் கிணற்றடிக்குப் போனீர்களா என்று தெரியவில்லை. போகாமல் இருந்திருந்தால், நாள் தவறியதைப் பொருட்படுத்தாமல், நாங்கள் வருவதற்கு முன் ஒருமுறை போய்ப் படிகளை எண்ணிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி