பக்கவாத மறுவாழ்வுச் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருக்கிறார்; மாதக் கூட்டங்களின் விவரம் தீர்மானப் புத்தகத்தில் உள்ளது; மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் இந்த ஆண்டு நாம் கண்டதையும், தவறியதையும், திருத்திக்கொண்டதையும் மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர், "வாராவாரம் வருகிறோம், சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறோம், கால் ஓரளவு வந்துவிட்டது, கை மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்டபோது, நம்மில் யாரிடமும் சரியான பதில் இல்லை. அதன் பிறகு செயற்குழு உறுப்பினர் இருவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சுவரோரம் அமர்ந்து, ஒவ்வொருவரும் பாதித்த கையால் எத்தனை முறை ஒரு பொருளை எடுத்து வைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தனர். ஒரு மணி நேரப் பயிற்சியில் முப்பதைத் தாண்டியவர் மிகச் சிலரே. மீதி நேரம் நலம் விசாரிப்பிலும், மாத்திரை விலையிலும், காபியிலும் போயிருந்தது. இதில் நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வு மையங்களில் இப்படியே எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், ஓர் அமர்வில் கையைப் பயன்படுத்திச் செய்த செயல்களின் சராசரி 32தான். மூளையில் புதிய இணைப்புகள் உருவாவதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ, ஒரே அசைவு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்விக்கப்பட்டது. நம் கை வராததற்கு நாம் தேடிய காரணங்களுள் இந்த எளிய கணக்கு இடம்பெறவே இல்லை.

எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது என்று யோசித்தபோது, உறுப்பினர் ஒருவரின் துணைவியார் வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழி ஒன்றை எடுத்து வந்தார். இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள கருவி அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. குழியிலிருந்து அள்ளுவது பிடிப்புக்குப் பயிற்சி. அள்ளியதை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விடுவது விரல் பிரிப்புக்குப் பயிற்சி. பக்கவாதக் கைக்குப் பிடிப்பதைவிட விடுவது கடினம் என்பது நம் அனைவருக்கும் தெரியும். இறுகிய விரல்கள் டம்ளரைப் பிடித்துவிட்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதல் நாள் ஓர் உறுப்பினரின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு கொட்டையை உதிர்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மேசையில் இருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த உள்ளங்கையையே பார்த்திருந்தோம். ஆட்டத்தில் வெற்றி தோல்வி இருப்பதால் யாருக்கும் எண்ணுகிற நினைப்பே வருவதில்லை, எண்ணிக்கை மட்டும் தானாக நூறைத் தாண்டிவிடுகிறது. இப்போது நம்மிடம் மூன்று பலகைகள் இருக்கின்றன. சோழியைவிடப் புளியங்கொட்டையே நல்லது என்பது என் அனுபவம், சோழி வழுக்குகிறது.

ஆனால் ஞாயிறு ஒரு மணி நேரம் போக, வாரத்தின் மற்ற நேரமெல்லாம் அந்தக் கை என்ன செய்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. பாதித்த கையால் முயன்று தோற்று, நல்ல கையால் எளிதில் முடித்துப் பழகியவர், பின்னாளில் பாதித்த கைக்கு ஓரளவு வலு திரும்பினாலும் அதைப் பயன்படுத்த மறந்துவிடுகிறார் என்பதை அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் விளக்கிக் காட்டினார். அவர் வழியில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் பாதித்த கைக்குக் கடும் பயிற்சி அளித்தபோது கிடைத்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாமாக நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இந்த முறை பொருந்தும் என்பதால், நம் இயன்முறை மருத்துவர் ஒவ்வொருவரையும் சோதித்த பிறகே ஒரு சிலருக்கு இதை அனுமதித்தார். அதுவும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும். நல்ல கையைக் கட்டிக்கொண்டு யாரும் நடக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதை இங்கே மீண்டும் நினைவூட்டுகிறேன்.

எனக்கு வலது பக்கம் விழுந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த நானே வீட்டில் எதற்கும் வலது கையை நீட்டுவதில்லை என்று என் மனைவி ஒரு நாள் முழுக்கக் கவனித்துச் சொன்னார். கதவுத் தாழ், மின்விசிறி சுவிட்ச், சட்டைப் பொத்தான், எல்லாம் இடது கை. இப்போது சுவிட்ச் போடுவது வலது கையின் வேலை என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. சில இரவுகளில் விளக்கணைக்கத் தாமதமாகிறது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். "அப்பா, நீங்க சும்மா உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வது பாசத்தால்தான் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் அந்தப் பாசம் நாளுக்கு ஐம்பது முறை கையின் வேலையைப் பறித்துக்கொள்கிறது. அதே நேரத்தில், குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்துவிட்டால் மருத்துவரே வேண்டாம் என்று சில உறுப்பினர்கள் முன்வைத்த யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் அளித்த பிரிவிலும் அளிக்காத பிரிவிலும், ஆறு மாதம் கழித்து இறந்தோரும் பிறரைச் சார்ந்திருந்தோரும் சேர்ந்து நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தார் உதவியாளர்களாக இருக்கலாம். இயன்முறை மருத்துவரின் இடத்தில் அவர்களை வைத்தால் சுமை கூடுமே தவிரப் பலன் கூடுவதில்லை. மாதம் இருமுறை வந்த மருத்துவரை ஜூலை முதல் வாரந்தோறும் வரச் சொன்னதால்தான் செலவுக் கணக்கில் அந்தத் தொகை உயர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத உறுப்பினர்களுக்காகப் பெயர் பதிந்து கொடுத்திருக்கிறோம்.

மனநிலை பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். ஆகஸ்டு மாதக் கூட்டத்துக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை நான்தான் அழைத்து வந்தேன். "மனம் வைத்தால் எழுந்து நடக்கலாம், நடக்காதவர் மனம் வைக்கவில்லை" என்ற பொருளில் அவர் பேசினார், கைதட்டலும் கிடைத்தது. அடுத்த ஞாயிறு முதல் நம் உறுப்பினர் ஒருவர் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குச் சென்று பார்த்தபோது, "இரண்டு வருஷமாக மனம் வைக்காமலா இருந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பது, சாப்பாட்டில் விருப்பமின்மை, விடியற்காலையில் விழித்துக்கொள்வது ஆகியவை சோம்பலின் அடையாளங்கள் அல்ல. அவர் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, ஜனவரியில் பல்லாங்குழிக்குத் திரும்பி வந்தார். அன்று அவரிடம் தோற்றவன் நான். இனி மேடைப் பேச்சாளர்களை அழைப்பதில்லை என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரின் தூக்கம், பசி, ஆர்வம் குறித்து மருத்துவரே கேட்டறிவார் என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. இந்த ஆண்டு உறுப்பினர்களின் மனத்தைத் தேற்றியது அவரவர் நாற்பது பக்க நோட்டில் எழுதிவரும் எண்ணிக்கைதான்; போன மாதம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தது நான்கு முறை, இந்த மாதம் ஒன்பது என்று தம் கையாலேயே எழுதிப் பார்ப்பவருக்கு யாரும் பேசி நம்பிக்கை ஊட்ட வேண்டியதில்லை.

இடது கையால் உண்பதற்குக் கூசிக் கல்யாணப் பந்திகளுக்குப் போவதையே நிறுத்திவிட்ட உறுப்பினர்கள் நம்மிடையே பலர். பொங்கலை ஒட்டி நடந்த மதிய உணவில், வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களோடு அமர்ந்த குடும்பத்தார் அனைவரும் கரண்டியை இடது கையில் பிடித்தே சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். சாம்பார் சாதம் இலையைவிட மடியில் அதிகம் விழுந்தது. அதன் பிறகு இருவர் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சென்று வந்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள்.

நவம்பரில் நாற்காலிப் பயிற்சியின்போது பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கி உறுப்பினர் ஒருவர் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறிவில்லை. இப்போது கனமான மர நாற்காலிகளைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறோம். பேருந்தில் ஏற்றும்போது பாதித்த கையைப் பிடித்து இழுப்பதைக் குடும்பத்தார் தவிர்க்க வேண்டும். தோள் மூட்டு இறங்கிவிடும், வலி மாதக்கணக்கில் நிற்கும். உலகப் பக்கவாத நாளான அக்டோபர் 29 அன்று கடைத்தெருவில் துண்டறிக்கை வழங்கினோம்: வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் உடனே 108ஐ அழைக்க வேண்டும், மூளைக் குழாயை அடைக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதே அதன் சாரம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன்: இயன்முறை மருத்துவரின் வாராந்திர வருகையைத் தொடர்வது, பேச்சு இழந்த உறுப்பினர்களுக்காகப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை மாதம் ஒருமுறையாவது அழைப்பது, மேலும் இரண்டு பல்லாங்குழிப் பலகைகள் செய்விப்பது. இவ்வறிக்கையை ஏற்றுத் தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்