பூட்டைத் திறந்து விடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். புது பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் கழிப்பறையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்ததே நீங்கள்தான். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள், அழுக்காகிவிடக் கூடாது என்று அதைப் பூட்டினார்கள். குழு வந்து பார்த்துவிட்டுப் போய் 2 மாதம் ஆகிறது. பூட்டு இன்னும் தொங்குகிறது. சாவி ஆபீஸில் இருக்கிறது என்கிறார் வாட்ச்மேன் அண்ணன். ஆபீஸில் கேட்டால் வாட்ச்மேனிடம் கேள் என்கிறார்கள்.

போன வியாழக்கிழமை செமஸ்டர் தேர்வில் என் தோழி அரை மணி நேரம் முன்னாலேயே பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். 10 மார்க் கேள்வி ஒன்றை அவள் எழுதவே இல்லை. பதில் தெரியாமல் இல்லை. முந்தின நாள் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மூன்று மனு கொடுத்தும் நடக்காததால் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் இரண்டாம் ஷிப்ட். கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வரும் நான் காலை பதினொன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போக இரவு 8 மணி ஆகும். அம்மா தினமும் ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அது அப்படியே திரும்பி வரும். "ஏங்கண்ணு, ஒரு வாய்கூடக் குடிக்கலியா?" என்று கேட்பார். இப்போதெல்லாம் பஸ் இறங்கியதும் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். பெற்ற தாயிடம் பொய் சொல்ல வைக்கிறது அந்தப் பூட்டு.

பழைய பிளாக்கில் கழிப்பறை இருக்கிறதே என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஆண்கள் மட்டும் படித்தபோது கட்டிய பிளாக் அது. பெண்களுக்கென்று பிறகு ஒதுக்கியது 4 அறை. ஒன்று அடைத்துக் கிடக்கிறது, இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி ஷாலைக் கதவில் கட்டி வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீரும் வராது.

அதனால் எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போகிறோம். அந்த அக்கா பாவம், பின்னால் இருக்கும் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்து விடுவார். சும்மா போய்வரக் கூச்சமாக இருக்கும், எதையாவது வாங்குவோம். டீ சொல்ல மாட்டோம், குடித்தால் மறுபடியும் போக வேண்டியிருக்கும். பன்தான். மாதவிடாய் நாட்களில் பலர் கல்லூரிக்கே வருவதில்லை. வருகைப் பதிவு குறைந்துவிட்டதென்று அவர்களிடம் அபராதமும் வாங்குகிறீர்கள்.

நான் வரலாறு படிக்கிறேன். ஒருகாலத்தில் குடிதண்ணீருக்குத் திண்டாடிய கோயம்புத்தூருக்குச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவர அன்றைய நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார் எவ்வளவு பாடுபட்டார் என்று எங்கள் துறையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊரின் ஆர்.எஸ்.புரம் பகுதியே அவர் பெயரில் அமைந்ததுதான். ஊரெல்லாம் பெருமை பேசும் அந்தத் தண்ணீரை, நாங்கள் குடிக்கப் பயந்து வாய் வறண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் மட்டும் இருவர் சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினாராம் டாக்டர்.

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதையெல்லாம் நம்பித்தான், குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். அவர்களைக் கல்லூரி வாசல் வரை அரசு கொண்டுவந்து விட்டது. வாசலுக்கு உள்ளே இருப்பது உங்கள் பொறுப்பு. முகப்புக்கு வண்ணம் அடிக்கவும் வளைவுக்கு சீரியல் லைட் போடவும் பணம் இருந்தது. தாழ்ப்பாளுக்கு ஒதுக்கீடு இல்லை என்று எங்களிடம் சொன்னார்கள். கௌரவ விரிவுரையாளர் மேடம்களும் எங்களோடு அதே பேக்கரியில்தான் நிற்கிறார்கள். அவர்கள் வாய் திறந்தால் அடுத்த வருஷம் வேலை இருக்குமோ இருக்காதோ! அந்தக் கதையை எடுத்தால் இந்த மடல் போதாது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். என் அப்பாவும் இதே கல்லூரியில்தான் பி.ஏ. படித்தார். அந்தத் தேக்கு உத்தரத்துக்குக் கீழே உட்கார்ந்து படிப்பது எனக்குப் பெருமைதான். கல்லூரியைக் கேவலப்படுத்த இதை எழுதவில்லை. பூட்டைத் திறந்து விடுங்கள். பழைய பிளாக்கில் 2 தாழ்ப்பாள் போட்டு, சாயங்காலம் வரை தண்ணீர் வரச் செய்யுங்கள். மதிய ஷிப்டுக்கும் ஒரு துப்புரவுப் பணியாளர் வேண்டும். மற்றவற்றுக்கு நாள் ஆகும் என்றால் பொறுத்துக்கொள்கிறோம், பூட்டைத் திறக்க நாள் தேவையில்லை.

திங்கட்கிழமை எங்களுக்கு அடுத்த தேர்வு, மதியம் ஒன்றரை மணிக்கு. அதற்கு முன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், ஐயா.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவி,
இரண்டாம் ஷிப்ட்