ஆய்வின் முடிவை எங்களிடமும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், இம்மாநிலத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

முனைவர் பட்டத்துக்காக உங்களிடம் ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டோடும் நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களின் இறுதி அறிக்கைக்கும் இதே விதி பொருந்தட்டும். வனவியல், வானியற்பியல், நரம்பியல், தொலைத்தொடர்புப் பொறியியல், வங்கியியல் என்று எந்தத் துறைக்கும் விலக்கு வேண்டாம். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் திருப்பத்தூர் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, அந்த விண்மீனின் ஒளி சட்டென மங்கி மீண்டது காவலூர்த் தொலைநோக்கியிலும் பதிவானது. அந்த ஒளியை மறைத்தவை கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் என்று உலகம் அறிய வழிசெய்த இரவு அது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "நம்ம மலையிலயா சார்?" என்கிறார்கள். அடுத்த கேள்வி, "இப்ப அங்க என்ன பார்க்கிறாங்க?" அந்த ஆய்வகத்தின் தரவை வைத்து எழுதப்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் எடுத்துக் கொடுத்து, "படித்துப் பார்" என்று சொல்லும்படி அவை இல்லை.

வானியல் சாமானியனுக்கு எதற்கு என்று யாராவது நினைத்தால் கொடைக்கானலைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று அறிய அரசு விரும்பியது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கேதான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று கணினியேற்றப்பட்டு உலக ஆய்வாளர்கள் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் உள்ளன. பஞ்சத்தில் மடிந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பசியை முன்னிட்டுத் தொடங்கிய ஆய்வு எங்கே வந்து நிற்கிறது என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

ஆய்வுக்குத் தேவையானவை ஆய்வுக்கூடத்துக்கு உள்ளிருந்து மட்டும் வருவதில்லை. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேர் காட்டைப் பிரித்து எடுத்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து அளக்கத் தொடங்கினார்கள். 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். எது செத்தது, எது துளிர்த்தது, எதை யானை முறித்தது, எது தீயில் கருகியது என்று பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுக்கிறார்கள். காட்டுத்தீயும் வறட்சியும் உண்ணிச்செடியின் பரவலும் நம் இலையுதிர் காடுகளை என்ன செய்கின்றன என்று சொல்லவல்ல அரிய தரவு அது. அந்தப் பகுதிப் பழங்குடி மக்களின் கண்ணும் காலும் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. இலை உதிர்ந்து நிற்கும் மரத்தின் பட்டையைப் பார்த்தே பெயர் சொல்பவர்கள் அவர்கள். தாம் அளந்த அளவுகள் எந்த முடிவைச் சொல்லின என்பதை அவர்களின் பிள்ளைகள் தமிழில் வாசிக்கும்படி ஒரு தாள் அந்த ஊர்ப் பள்ளிகளுக்குப் போக வேண்டும்.

வங்கித் துறைக்கு வருகிறேன். என் அண்ணி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி வந்து அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்தார். கையில் தடிமனான கேள்வித்தாள். சேமிப்பு, கடன், தவணை, வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "சிறிதும் உடன்படவில்லை" வரை ஐந்து கட்டங்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள்கூடப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். குழுத் தலைவி கடைசியில் கேட்டார்: "இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போய் என்னம்மா பண்ணுவீங்க? கடனுக்கு வட்டி குறையுமா?" மாணவி சிரித்தபடி, முடித்ததும் வந்து சொல்கிறேன் என்றார். பிறகு அவர் வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் அவரிடம் கேட்கவில்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

குழுத் தலைவி கேட்டது பேதமைக் கேள்வி அன்று. 1989இல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. அடகு வைக்க ஏதுமில்லாத பெண்களுக்கு, அவர்களின் சிறு சேமிப்பையும் ஒருவருக்கொருவர் நிற்கும் பொறுப்பையும் நம்பிக் கடன் கொடுக்கலாமா என்பதுதான் அந்தச் சோதனை. அது தேறியதால்தான் இன்று கிராம வங்கிக் கிளைகளில் குழுக் கடன் அன்றாட நடப்பாகியிருக்கிறது. ஆய்வு வங்கி விதியை மாற்றும் என்பதற்கு அந்தப் பெண்களின் வாழ்க்கையே சாட்சி. அவர்களிடம் முடிவைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறோம்?

"இவையெல்லாம் நுட்பமான விஷயங்கள், தமிழில் நான்கு பக்கத்தில் அடங்காது" என்று பேராசிரியர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். படகுகளில் இருந்த வயர்லெஸ் கருவியின் அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்லும், பூமியோ வளைந்தது. ஆகவே கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டிவிட்டால் அந்த அலை படகை எட்டாது. எச்சரிக்கையை மேலிருந்து, செயற்கைக்கோள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். புயலுக்குப் பின் இந்தியாவின் நாவிக் வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் வழியே படகுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. இதை எந்த மீனவரும் புரிந்துகொள்வார். அடுத்த கருவியில் என்ன வசதி வேண்டும் என்று உங்கள் பொறியாளர்களுக்குச் சொல்லவும் செய்வார்.

சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவில் வளரும் பருவத்தில் இறந்த சிசுக்களின் மூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்தது. பெருமைப்பட வேண்டிய செயல். அதற்கு ஒரு தமிழ் விளக்கவுரையும் இருந்தால் செவிலியர் கல்லூரி மாணவி தொடங்கிக் கருவுற்ற தாய்வரை அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

முன்னுதாரணம் இல்லாமல் கேட்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் ஆங்கிலச் சுருக்கத்தோடு மலாய்ச் சுருக்கமும் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சுருக்கம் கேட்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். அன்று முடிந்தது இன்று முடியாதா?

விதி செய்யும்போது சிலவற்றைக் கவனியுங்கள். சுருக்கத்தை ஆய்வு மாணவரே எழுத வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை ஒட்டி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். தமிழ் அறியாத மாணவர் என்றால் நெறியாளரோ துறை நண்பரோ உட்கார்ந்து உதவட்டும். என்ன கேட்டோம், எங்கே யாரிடம் பார்த்தோம், என்ன கண்டோம், எது இன்னும் உறுதியாகவில்லை என்ற நான்கும் அதில் வர வேண்டும். கலைச்சொல் தெரியாவிட்டால் நியூரான் என்றே எழுதட்டும், தடையில்லை. வாய்மொழித் தேர்வில் பத்து நிமிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மக்களிடம் தரவு பெற்ற ஆய்வென்றால் அந்த ஊர் ஊராட்சி அலுவலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் பிரதி போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை இருந்தால் மட்டும் பட்டம் என்று வையுங்கள். 2009க்குப் பிறகு ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் ஆய்வேட்டு இணையத்தளத்தில் ஏறுகின்றன. தமிழ்ச் சுருக்கமும் அங்கேயே ஏறலாம்.

வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். முதல் சுருக்கங்கள் எழுதியானதும் புரிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமானால் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் என் அண்ணியின் குழுவினரும் படித்து, புரியாத வரிகளை அடிக்கோடிட்டு ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புவார்கள்.

நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியர்,
திருப்பத்தூர் மாவட்டம்