கொள்ளு மூட்டையைக் கொஞ்சம் ஓரமாக வை

பழனி
ஆவணி 10

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு "சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பிடித்த குதிரைக்கு விலா எலும்பு தெரிகிறது, அதனால் தினமும் நாலு கிலோ கொள்ளும் தவிடும் வைக்கிறேன் என்றாய். எனக்கு நம்ம வண்டிக் குதிரை வெள்ளையன் ஞாபகம் வந்துவிட்டது. அவனை விற்றுவிட்டோம் என்றுதானே உனக்குச் சொல்லியிருந்தோம்? விற்கவில்லை.

உனக்கு நாலு வயசு. தைப்பூசக் கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கும் அடிவாரத்துக்கும் வண்டி ஓயாமல் ஓடியது. உழைக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு குறையக் கூடாதென்று கொள்ளை இரட்டிப்பாக வைத்தேன். வருகிற பக்தர்கள் வேறு பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டினார்கள். அன்று ராத்திரி அசதியில் கொள்ளு மூட்டையின் வாயைக் கட்டாமல் படுத்துவிட்டேன். விடிவதற்குள் கால் மூட்டை காலி. வெள்ளையன் தரையைப் பறிக்கிறான், திரும்பித் திரும்பி வயிற்றையே பார்க்கிறான், விழுந்து புரளுகிறான். வயிற்றில் காதை வைத்தேன். எப்போதும் கடமுடா என்று ஓடுகிற சத்தம் துளிகூட இல்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது கண்ணு. உள்ளே போனது போனதுதான்.

டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றினார். வயிறு தப்பியது. மூன்றாம் நாள் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்பாரம் போட்டு நின்றான். குளம்பைத் தொட்டால் அடுப்பு ஓரம் மாதிரி சுடுகிறது. தானியம் அதிகமானால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரிக்காமல் பின்குடலுக்குப் போய்விடும், அங்கே புல்லைப் புளிக்கவைக்கிற கிருமிகள் செத்து விஷமாகி ரத்தத்தில் கலந்து குளம்பைப் பிடிக்கும் என்று அப்போதுதான் டாக்டர் சொல்லித் தெரியும். பங்குனியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குதிரையின் இரைப்பை சின்னது, ஒரு குடம் அளவுதான். ஆனால் அதில் அமிலம் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும். வெறும் வயிறாக நான்கைந்து மணி நேரம் நின்றால் புண் வரும். அதனால் முதலில் புல், அப்புறம்தான் மற்றதெல்லாம். உன் குதிரை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு ஏழு கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். பச்சையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் பச்சையாகவே போட்டால் முப்பது கிலோவுக்கு மேல் வேண்டும். அருகம்புல் கிடைத்தால் விடாதே. வைக்கோலை நம்பி ஓட்டாதே, சத்தும் இல்லை, குடலில் அடைத்துக்கொள்ளும்.

கொள்ளு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சும்மாவா சொன்னார்கள்! ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்து, ஆறவைத்து, வேளைக்கு அரைக் கிலோ வை. நாலு கிலோவை ஒரே நாளில் நிறுத்தாதே, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. தின்ற கையோடு சவாரிக்கு ஓட்டாதே, ஒரு மணி நேரம் விடு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிடே கதி என்றிருந்தால் எலும்பு மெலிந்து முகம் வீங்கிப்போகும். அதற்குத்தான் குதிரைமசால் தழை, பேரிலேயே குதிரை இருக்கிறது பார். நம்ம பக்கம் காயவைத்தது ஒரு மூட்டை லாரியில் போட்டுவிடுகிறேன். தினம் கொஞ்சம் சேர்த்து வை. கோழித் தீவனத்தையோ மாட்டுத் தீவனத்தையோ மட்டும் விலை மலிவு என்று வாங்கிவிடாதே. சிலதில் சேர்க்கிற மருந்து மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தையே நிறுத்திவிடும்.

மெலிவுக்குத் தீனிதான் காரணம் என்று எப்படி முடிவு செய்தாய்? வாயிலிருந்து மெல்லாத புல் உருண்டையாகக் கீழே விழுகிறதா பார். விழுந்தால் கடைவாய்ப் பல் ஓரம் கூராகியிருக்கும், டாக்டரைக் கூப்பிட்டு அரத்தால் ராவச் சொல். சந்தையில் பிடித்த குதிரை, பூச்சியும் இருக்கும். சாணியைப் பரிசோதிக்கக் கொடு.

உன் ஊரில் எனக்குப் பெரிய பயம் மணல்தான். மாமல்லபுரத்தில் கடற்கரை ஓரமாகக் கட்டியிருக்கிறாய். புல்லைத் தரையில் போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் மணல் சேர்ந்து போகும். வாளி, பழைய டயர் தொட்டி, ரப்பர் பாய், எதிலாவது போடு. நாளைக் காலை நாலு உருண்டைச் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பேசாமல் இரு. கால் மணி நேரம் கழித்து மெதுவாகச் சாய்த்துக் கொட்டு. அடியில் மணல் தங்கினால் அன்றைக்கே போன் பண்ணு.

தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும், ஒரு நாளைக்கு இருபது முப்பது லிட்டர் குடிக்கும். வியர்த்து வந்தால் இன்னும் குடிக்கும். தீனியில் ஒரு பிடி கல் உப்பு போடு.

அம்மா கேட்கச் சொன்னாள், குதிரைக்குப் பேர் வைத்தாயா என்று. வெள்ளையன் பேரை வைக்காதே. அது பெட்டைதானே என்று நீ சிரிப்பாய், தெரியும்.

அப்பா