ஞாயிறு காலைப் பயிற்சி: துணைக்கு வருபவர்களும் வாசியுங்கள்

அன்பான உறவுகளே, வணக்கம்.

மூளை, நரம்பு நோய் உள்ளவர்களுக்கான பயிற்சிக்கு இந்த ஞாயிறும் காலை 6.30க்கு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வாவிப் பக்கமாகக் கூடுவோம். சூடு ஏறினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்குச் சோர்வும் பார்வை மங்கலும் கூடும், 7.30க்கு முன் முடித்துவிடுவோம்.

பார்க்கின்சன் (நடுக்கமும் அசைவு மந்தமும் வரும் நோய்) உள்ளவர்கள் அதற்கான லெவோடோபா குளிசையை வழமையான நேரத்திலேயே போடுங்கள். பயிற்சிக்காக முன்பின் மாற்ற வேண்டாம்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டினதுபோல நின்றுவிட்டால், துணைக்கு வந்தவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். போன கிழமை அப்படி இழுத்து ஒரு ஐயா விழப் பார்த்தார்; எனக்கு நெஞ்சே பதறிப்போனது. நிற்கட்டும். உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, பெரிய அடியாக வைக்கச் சொல்லுங்கள். தரையில் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டச் சொல்லுங்கள். தாளமும் கோடும் பலருக்குக் காலை எடுக்க உதவும்.

பாரிசவாதம் வந்தவர்களை எழுப்பும்போதும் பலவீனமான கையை இழுக்க வேண்டாம், தோள்மூட்டு விலகக்கூடும்.

கைபிடி உள்ள கதிரை, தண்ணீர், பின்பட்டி வைத்த செருப்பு கட்டாயம்.

பராமரிக்கும் அக்காமார், அண்ணாமார், நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். தூக்கித் தூக்கி உங்கள் முதுகும் நோகிறதுதானே. வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.