நடந்து பார்ப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுனைத் திறந்துவிடுங்கள்

சென்னையின் சுற்றுலாவைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், தெருவைப் போடும் பொறியாளர்களுக்கும், எங்கள் பகுதி மாமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் எங்கே கூட்டிப்போகிறோம்? மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், தி.நகர் துணிக்கடை. ஒருநாள் மிச்சமிருந்தால் மாமல்லபுரம். ஜார்ஜ் டவுன் இருக்கும் பாரிமுனைப் பக்கம் யாரும் வருவதில்லை. வந்தாலும் பர்மா பஜாரில் ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்தத் தலைநகரம் பிறந்த இடம் இதுதான். 1640இல் கடலோரம் எழும்பிய கோட்டையும், அதற்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களும் குடியேறிய பட்டணமும் சேர்ந்துதான் சென்னை ஆனது. அந்தப் பட்டணத்தில் குடியிருக்கும் நான், உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. இங்கே புதிதாக எதையும் கட்ட வேண்டாம். செல்ஃபி வளைவு வேண்டாம், செயற்கை நீரூற்று வேண்டாம். இருப்பதை ஒருவர் நடந்து பார்க்க வழி செய்யுங்கள், போதும்.

இருப்பது என்னவென்று கேட்டால், கலங்கரை விளக்கங்களிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக் கடற்கரைக்கு வெளிச்சம் காட்டிய விளக்கங்கள் மொத்தம் நான்கு. முதலாவது 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் தேங்காயெண்ணெய் விளக்குகளோடு எரிந்தது. இரண்டாவது 1844இல் ஏற்றப்பட்டது. அந்த உயரமான கல்தூண் இன்றும் ஐகோர்ட் வளாகத்தில் நிற்கிறது. அங்கே தினமும் வழக்குக்கு வரும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும்? மூன்றாவது ஐகோர்ட்டின் உச்சிக் கோபுரம். 1892இல் திறந்த அந்தச் செங்கல் மாளிகையின் தலையில் 1894 முதல் 1977 வரை விளக்கு சுழன்றது. நீதிமன்றமே கலங்கரை விளக்கமாகவும் இருந்த ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்! நான்காவது, 1977இல் மெரினாவில் வந்தது. அதன்மேல் மட்டும் மக்கள் ஏறிப் பார்க்கிறார்கள். மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த நான்கையும் இணைத்து ஒரு நடைவழி அறிவித்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இருநூறு வருட வரலாற்றை ஒரே காலையில் காட்டிவிடலாம். செலவு என்று பார்த்தால் சில பலகைகளும் ஒரு வரைபடமும்தான்.

ஐகோர்ட்டுக்குள் நினைத்தபோது யாரையும் விட முடியாது, பாதுகாப்பு முக்கியம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒருகாலத்தில் அந்த வளாகம் எல்லோரும் குறுக்கே நடந்துபோகும் வழியாக இருந்தது. அதனால்தான், யாரும் அதைப் பொதுவழி என்று உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று ஆண்டுக்கு ஒருநாள் எல்லா வாயில்களையும் மூடும் வழக்கமே அங்கே உண்டு. அந்தப் பழைய தாராளத்தை நான் திரும்பக் கேட்கவில்லை. நீதிமன்றம் நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளில், முன்பதிவு செய்து அடையாள அட்டையோடு வரும் சிறு குழுக்களைத் தூண் வரைக்கும் கூட்டிப்போக ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நீதிமன்ற நிர்வாகத்திடம் சுற்றுலாத் துறை முறைப்படி பேச வேண்டும். அதே வளாகத்தின் மதிலோரம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதை அது சொல்கிறது. அதைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம், ஆனால் நடைபாதையில் நின்று நிதானமாகப் படிக்கத்தான் இடமில்லை.

சரி, சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவோம். ஐகோர்ட் நிற்கும் நிலத்தில்தான் பழைய பட்டணம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், கோட்டையிலிருந்து பீரங்கி சுட வெட்டவெளி வேண்டுமென்று கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்த வீடுகளை இடித்துத் தள்ளியது. அங்கிருந்த பட்டணம் கோயிலும் 1757இல் போனது. பிறகு வேறு நிலம் கொடுக்கப்பட்டு, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியவைதான் பூக்கடைப் பக்கம் அடுத்தடுத்து நிற்கும் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள். இந்த எல்லைக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாதென்று 1773இல் நட்ட கற்களில் ஒன்று பாரி கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. ஓர் ஊரை இடம்பெயர்த்த கதைக்கு எஞ்சியிருக்கும் சாட்சி அது. தினமும் அதைக் கடந்து பேருந்துக்கு ஓடுகிறோம். அங்கே தமிழில் நாலு வரி எழுதிய ஒரு பலகை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பலகை என்றதும் தங்கசாலைத் தெரு ஞாபகம் வருகிறது. ஆறுமுக நாவலரின் அச்சகம் அந்தத் தெருவில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், சுட்டிக்காட்ட ஓர் அடையாளமும் இல்லை. காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் குஜிலி பஜாரிலிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் போயின. அர்மீனியன் தெருவிலிருக்கும் 1772ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் கல்லறைகளில், உலகின் முதல் அர்மீனிய இதழை 1794இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மாவோனியன் உறங்குகிறார். தமிழுக்கும் அர்மீனிய மொழிக்கும் அச்சு எழுத்தில் இவ்வளவு பங்கு கொடுத்த பகுதி இது. இன்றும் ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும்தான் வியாபாரம். 'அச்சு நடை' என்று ஒரு வழித்தடம் போட்டால் புத்தகம் படிக்கிறவர்கள் வருவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

வள்ளலார் வழி இன்னொன்று. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் அவர் பல்லாண்டு வாழ்ந்த வீடு, அங்கிருந்து அவர் போய்ப் பாடிய கந்தகோட்டம். வடலூருக்குப் போகும் அன்பர்கள் இரண்டையும் தேடி வருகிறார்கள். ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகளின் வாசத்தோடு கந்தகோட்டத்துக்கு நுழைவதே தனி அனுபவம், ஆனால் எதிரே வரும் தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து நடக்கிறார்கள். அந்த ஏழு கிணறுகளே ஒரு பெரிய கதைதான். 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொடுப்பதற்காகத் தோண்டியவை அவை.

தம்பு செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயில், செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதும் அந்தோனியார் கோயில், மண்ணடிப் பள்ளிவாசல்கள், சவுகார்பேட்டை ஜைனக் கோயில்கள் பற்றியெல்லாம் தனித்தனியாக எழுத இங்கே இடமில்லை. இவ்வளவும் ஒரு காலைப் பொழுதில் நடக்கக்கூடிய தூரத்துக்குள் இருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் சாப்பாடு. இதில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன். மாலை ஆனதும் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ வண்டிகள் வந்துவிடும். அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் கைப்பக்குவம் அது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்துத் தருவார்கள், அதையும் விடக் கூடாது. அங்கிருந்து சவுகார்பேட்டைக்கு நடந்தால் முறுக்கு சாண்ட்விச். இரண்டு முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. ராஜஸ்தானும் குஜராத்தும் தமிழ்நாட்டு முறுக்கோடு கைகுலுக்கியது இந்தத் தெருவில்தான். நெய்யில் பொரிந்த ஜிலேபி, பாதாம் பால், பொடி ஊத்தப்பம் என்று பட்டியல் நீளும். அகதிகளாக வந்தவர்களையும் வட்டிக்கடை வைக்க வந்தவர்களையும் ஒருசேர ஏற்றுக்கொண்ட ஊர் இது என்பதை அந்த ஒரு மாலை நடை சொல்லிவிடும்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'அழகுபடுத்துகிறோம்' என்று ஆரம்பித்து நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்திவிடாதீர்கள். ஜார்ஜ் டவுனைப் பார்க்க வருகிறவர் அவர்களையும் பார்க்கத்தான் வருகிறார். பூக்கடைக்காரரும், மீன்பாடி வண்டி ஓட்டுபவரும், கொடௌன் தெருவில் துணி மூட்டை தூக்குபவரும் இல்லாத ஜார்ஜ் டவுன் வெறும் கட்டடங்களின் வரிசைதான். நடக்க இடமில்லாமல் போவதற்குப் பெரிய காரணம் கடைகளைவிட வண்டிகள். ஒரு பக்கம் நிறுத்திவைத்த பைக்குகள், மறுபக்கம் சரக்கு இறக்கும் வேன்கள், நடுவில் ஆட்டோ. சரக்கு ஏற்றி இறக்குவதை இரவுக்கும் விடியற்காலைக்கும் மாற்றுவது பற்றி வணிகர்களோடும் சுமைதூக்கும் தொழிலாளர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். ஞாயிறு காலை, பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும் நேரத்தில், சில தெருக்களிலாவது வண்டியே வராமல் செய்து பாருங்கள். தலையைத் தூக்கி அந்தப் பழைய வீடுகளின் மாடங்களையும் மரத்தூண்களையும் பார்க்க ஒருவருக்கு அந்த அமைதி வேண்டும்.

இனி, யாரும் மேடையில் பேசாத விஷயம். கழிப்பறை. இந்தப் பகுதியில் நல்ல பொதுக் கழிப்பறை போதாது. ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், அதன் நாற்றம் நூற்றாண்டுச் சுவர்களில் அடிக்கிறது. பெண்கள்? பூ விற்கும் அம்மாக்கள் நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிப்பார்க்க வரும் பெண்களும் அதையேதான் செய்கிறார்கள். வெயிலில் தொண்டை வறண்டாலும் பாட்டிலைத் திறக்க யோசிக்கிறார்கள். இப்படி ஒருவர் எவ்வளவு நேரம் வரலாற்றை ரசிக்க முடியும்? சுத்தமான, தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் இருக்கும், ஆள் வைத்துப் பராமரிக்கும் கழிப்பறைகள் பூக்கடை, மண்ணடி, தங்கசாலை மூன்று இடத்திலும் வேண்டும். சுற்றுலாவுக்கு ஒதுக்கும் முதல் ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயணிகள் வராவிட்டாலும் இங்கே உழைக்கிறவர்களுக்கு அது பயன்படும்.

வந்துசேர்வது முன்னைவிடச் சுலபம். 2019 முதல் மண்ணடியிலும் ஐகோர்ட்டிலும் மெட்ரோ நிற்கிறது. ஆனால் நிலையத்தைவிட்டு மேலே வந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. வாசலிலேயே ஒரு பெரிய வரைபடம் வையுங்கள். எந்த இடம் எப்போது திறந்திருக்கும் என்பதையும் அதில் எழுதுங்கள். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி உள்ளே இருக்கிறது, அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

வழிகாட்டிகளை எங்கேயோ தேட வேண்டாம். ஏழுகிணறிலும் மண்ணடியிலும் கொண்டித்தோப்பிலும் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழோடு உருது, தெலுங்கு, இந்தி, குஜராத்தி சரளமாகப் பேசும் பிள்ளைகள். வரலாற்றை முறையாகச் சொல்லிக்கொடுத்து, சான்றிதழும் நியாயமான கூலியும் கொடுங்கள். தங்கள் தெருவைப் பற்றி அவர்களைவிட நன்றாக யார் பேசிவிடப் போகிறார்கள்?

சென்னை நாளையொட்டி ஆகஸ்டில் ஆர்வலர்கள் இங்கே நடைகள் நடத்துகிறார்கள். நன்றாகத்தான் நடத்துகிறார்கள், அவர்களுக்கு நன்றி. அந்த வாரம் முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. அடுத்த மாதமே புரட்டாசியில் திருப்பதிக் குடை ஊர்வலம் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி யானைக்கவுனியைத் தாண்டும். லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நிற்பார்கள். அன்றைக்குப் போக்குவரத்தைத் திருப்பி, தண்ணீர்ப் பந்தல் வைத்து, தெருவைக் கழுவி, எல்லாத் துறைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதே திறமையில் ஒரு பங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வருகிற ஆகஸ்ட் 22க்குள் இரண்டு வேலைகளை முடித்துக்காட்டுங்கள்: பூக்கடையில் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை, பாரிமுனை எல்லைக்கல்லுக்குத் தமிழில் ஒரு பலகை. அதற்கு முன்பாக மண்ணடியில் ஒரு மாலை எங்களோடு உட்காருங்கள். வணிகர்கள், நடைபாதைக் கடைக்காரர்கள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகள், குடியிருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். எந்தத் தெருவில் எப்போது வண்டி குறையும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்த வீட்டுத் திண்ணையில் வந்தவர்கள் உட்காரலாம் என்பதையெல்லாம் நாங்கள் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுனில் வசிக்கும் ஒரு குடிமகன்