அந்த எலி விஷயம்

சேலம்
ஞாயிறு இரவு

அடியே மலர்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டாதே, திட்டுவதானால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கல்லூரி திறந்தாச்சு. இனி என் தாடைக் கதை.

சித்திரையில் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது காது அடைத்தது, அது எல்லாருக்கும் அடைப்பதுதான், ஆனால் எனக்கு அடைப்பு விட்ட பிறகும் வலது காது வலித்துக்கொண்டே இருந்தது. மலைமேல் பழியைப் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை, வாயைத் திறங்கள் என்றார். திறந்தேன். டொக்! அவருக்கே கேட்டது. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைகிறதே, அந்த மூட்டுதானாம். உள்ளே சின்னதாக ஒரு வட்டு இருக்கிறது, அது நழுவித் திரும்ப வந்து உட்காரும் சத்தம் அது. வெறும் சத்தம் என்றால் விட்டுவிடலாமாம், எனக்கு வலியும் இருப்பதால் பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன்.

என்னைத் தெரியுமே, நோட்டுப் போட்டுவிட்டேன். எந்த நேரம், எந்தப் பக்கம், என்ன தின்றேன், எல்லாம். காலையில் எழும்போதுதான் அதிகம், நெற்றிப்பொட்டு வரை இழுக்கிறது. மூன்று விரலை அடுக்கி வைத்தால் வாய்க்குள் நுழைய வேண்டுமாம், எனக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது. பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு கவரில். தட்டுவடை செட்டைத் தொட்டு மூன்று வாரமாகிறது, சிரிக்காதே, வண்டிக்கார அண்ணன் ‘டீச்சர் ஊரில் இல்லையா’ என்று இவரிடம் விசாரித்தாராம்.

பயமும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் கடி சரியில்லை என்று நாலு பல்லை ராவிவிட்டார்கள், வலி அப்படியே இருக்கிறது, பல்தான் போனது. அதனால் நோட்டில் முதல் கேள்வியே, திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் எடுத்த எடுப்பில் செய்வீர்களா என்பதுதான். மெத்தென்ற சாப்பாடு, ஒத்தடம், தாடைப் பயிற்சி, ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்கிற தட்டு, இதிலேயே நிறையப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

இன்னொன்று. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாதாம்! 48 வயதில் தெரிந்துகொள்கிறேன். கவனித்துப் பார்த்தால் எனக்கு நாள் முழுக்க ஒட்டியே இருக்கிறது, அண்ணன் போன் வந்தால் பூட்டே விழுகிறது. வீடு பாகம் பிரிக்கிற பேச்சு இன்னும் முடியவில்லை மலர். பெரியவன் ஏதாவது சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று அம்மா போவதற்கு முன் சொன்னாள். நான் நிஜமாகவே கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சரி, எழுதுவதற்குக் காரணமே இதுதான். தூக்கத்தில் பல் கடிப்பீர்களா என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? இவரைக் கேட்டுப் பயனில்லை, இவர் குறட்டையைத் தாண்டி எதுவும் கேட்காது. மூன்று வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் நீ ஒருத்திதான். வார்டன் தேங்காய்ச் சில்லு வைத்துப் பொறி வைத்தும் கடைசி வரை மாட்டவில்லையே, அந்த எலி, நான் ஊருக்குப் போன ராத்திரிகளில் கரண்டியதா?

புதன்கிழமைக்குள் பதில் போடு.

உன்
சாந்தி